பூச்சி மாத்திரையும் தாயத்தும்



குழந்தை வெளுத்துச் சோர்ந்து மண்ணைத் தின்றால், நம் ஜனங்கள் கண்ணேறு என்று சொல்லித் தாயத்துக் கட்டுகிறார்கள். தாயத்து இடுப்பில் தொங்குகிறது. கொக்கிப்புழுவோ குடலைக் கவ்வி இரத்தம் குடிக்கிறது.

இது முன்ஜென்ம வினையா? இல்லை. மலம் கலந்த ஈரமண்ணில் முட்டை பொரிந்து வரும் குஞ்சு, வெறுங்காலைத் துளைத்து உள்ளே ஏறுகிறது. தெருவில் செருப்புப் போடக்கூடாதென்று ஒரு சமூகத்தாரைத் தலைமுறை தலைமுறையாய்த் தடுத்தார்களே, அந்த ஜாதிக் கட்டுப்பாட்டால் லாபமடைந்தது யார்? கொக்கிப்புழுதான்!

ஆல்பெண்டசோல் என்னும் மாத்திரை, சர்க்கரைச் சத்தை உறிஞ்சவிடாமல் புழுவைப் பட்டினி போட்டுக் கொல்லுகிறது. நாம் ஏகாதசிப் பட்டினி கிடந்ததில் ஒரு புழுவாவது செத்ததுண்டா? 2015 முதல் சர்க்கார் பிப்ரவரி 10-ந் தேதியைக் குடற்புழு நீக்க நாளாக வைத்து, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இதை இலவசமாய்க் கொடுத்து வருகிறது. அளவு 400 மில்லிகிராம். ஒரு வயது முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு அதில் பாதி. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு அன்று கொடுப்பதில்லை. குணமான பிறகு கொடுக்கலாம்.

ஆனால் மாத்திரை வயிற்றைத்தான் சுத்தம் செய்யும், தெருவையல்ல. அசுத்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் புழு மறுபடியும் வரும். ஆகையால், நம் ஊரில் கோவில் எத்தனை, கக்கூஸ் எத்தனை என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் கணக்கைப் பேசுவோம்.