காத்திருக்கும் காலத்தில் ஒரு தோட்டம்

(கிங்ஸ்பரியில் புதிதாக வந்தவர்களுக்காக மார்ச் மாதம் நடந்த தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு என்னைப் பேசச் சொன்னது வீட்டுத்தோட்டத்தைப் பற்றி. "கேஸ் முடியேல்லை, நாளைக்கு எங்கே தூக்கி அனுப்புவாங்கள் எண்டு தெரியாது, இதுக்குள்ள இவர் பூக்கண்டைப் பற்றிக் கதைக்க வந்திட்டார்" என்று சிலர் நினைப்பது எனக்கு விளங்குது. நானும் ஒருகாலம் அந்தக் கதிரையில் இருந்தவன்தான்.

நான் வந்த முதல் மாரியில் பகல் முழுக்க யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டுப் படுத்திருந்தேன். டிசம்பரில் இங்கே பின்னேரம் 4 மணிக்கு முதலே பொழுது பட்டுவிடும். இரவு நித்திரை வராது, பகல் விடியாது. கடிதம் வருமா என்று கதவைப் பார்ப்பதுதான் வேலை. ஒரு மே மாதம் பக்கத்து வீட்டு வயதான அம்மா ஒருவர் வேலிக்கு மேலால் ஒரு தக்காளிக் கன்றைத் தந்தார். அவர் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனால் அதற்குத் தண்ணீர் ஊற்றக் காலமை எழும்ப வேண்டி வந்தது. அன்றிலிருந்துதான் நான் எழும்பத் தொடங்கினேன்.

எங்கட ஊரில் வேலிப் பொட்டு இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்குள்ளால் கறி போகும், கன்று போகும், கதையும் போய்வரும். இங்கே பொட்டு இல்லை. ஆனால் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. அதற்குள் எப்படிப் போவது, எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லப்போறன்.

இந்த ஊரின் பழக்கம்

கிங்ஸ்பரியில் ரோ கிரீன் வில்லேஜ் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிருந்த விமானத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காகத் திட்டமிட்டுக் கட்டியது. சாதாரண தொழிலாளிக்கும் தோட்டத்தோடு வீடு வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அந்தப் பக்கம் ஒருக்கா நடந்து பாருங்கோ.

தங்கள் தோட்டத்தை மற்றவருக்குத் திறந்து காட்டுவதும் இந்த நாட்டில் ஒரு பழைய வழக்கம். நஷனல் கார்டின் ஸ்கீம் என்ற அமைப்பு 1927 இல் தொடங்கியது. மாவட்டத் தாதிமாருக்குப் பணம் சேர்ப்பதற்காக அந்த ஆண்டு 609 தோட்டங்களைத் திறந்தார்கள். ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். இன்றைக்கும் அது நடக்கிறது. காசு கொடுக்க வசதி இல்லாவிட்டால் பரவாயில்லை. தோட்டத்தைப் பற்றி ஒருவரிடம் கேட்டால் அவர் கோபிக்க மாட்டார், சந்தோசப்படுவார் என்பதைத் தெரிந்து வைத்தாலே போதும்.

ரோ கிரீன் பார்க்குக்குள் மதில் கட்டிய பழைய தோட்டம் ஒன்று இருக்கிறது. கிங்ஸ்பரி மேனர் என்ற பெரிய வீட்டோடு சேர்ந்து இருந்தது. பார்ன் ஹில் கொன்சர்வேஷன் குறூப் என்ற தொண்டர் அமைப்பு அதைப் பராமரிக்கிறது. பிறையன்ற் கன்றி பார்க்கும் பக்கத்தில்தான். அங்குள்ள பார்ன் ஹில் குன்றில் 1790களில் ஹம்பிரி றெப்ரன் என்ற புகழ்பெற்ற நிலத்தோற்றக் கலைஞர் மரங்கள் நட்டு வடிவமைத்தார். இன்று ஒரு பென்ஸ் செலவில்லாமல் நீங்கள் அங்கே நடக்கலாம். வசந்தத்தில் பற்றைகள் வெள்ளையாகப் பூக்கும், கோடையில் புல்வெளி இடுப்பளவுக்கு வளரும். காலம் நகருது என்பதை அங்கே கண்ணால் காணலாம்.

பருவம் பருவமாக

ஊரில் தோட்டம் செய்தவர்களுக்கு ஒன்று சொல்லுறன். கைப்பழக்கம் அப்படியே உதவும், ஆனால் கலண்டர் உதவாது. யாழ்ப்பாணத்தில் மாரியில் நடுகிற உருளைக்கிழங்கை இங்கே மார்ச், ஏப்ரலில் நடுவார்கள். செம்மண்ணும் இல்லை. இந்தப் பகுதி முழுக்க லண்டன் களிமண். மழைக்குச் சேறு, வெயிலுக்குக் கல்லு. ஆகவே முதல் வருடம் சாடியில் தொடங்குங்கோ. தயிர் வாளி, பெரிய தகரப் பேணி எல்லாம் சாடிதான். அடியில் ஓட்டை போட மறக்காதேங்கோ.

மார்ச்: இந்த மாதக் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போகும். தக்காளி, மிளகாய் விதையை வீட்டுக்குள் வெயில் படும் யன்னலோரத்தில் போடுங்கள். காய்ந்த மிளகாய் விதையே பெரும்பாலும் முளைக்கும். சமையலுக்கு வாங்கும் வெந்தயமும் மல்லியும் விதைதான். மல்லியை மெதுவாக இரண்டாக உடைத்துப் போட்டால் நல்லது. கடையில் வாங்கும் புதினாத் தண்டைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும்.

ஏப்ரல், மே: எங்கட ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். ஏப்ரலில் நல்ல வெயில் எறிக்கும். கன்றை வெளியே வைப்பீர்கள். இரவு உறைபனி விழுந்து காலமை கறுத்துப் போய்க் கிடக்கும். மே நடுப்பகுதி வரைக்கும் பொறுங்கள். பூசணி, சுரை, போஞ்சி எல்லாம் அதற்குப் பிறகுதான் வெளியே. பயற்றங்காய் இங்கத்தைய குளிருக்குச் சரிவராது. அந்த இடத்தில் போஞ்சியைப் போடுங்கள். அடுத்த எதிரி நத்தை. ஓடு உள்ளதும் வரும், இல்லாததும் வரும். இரவில் ரோர்ச் லைற்றோடு போய்ப் பொறுக்குங்கோ.

யூன், யூலை: இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். முளைக்கீரை இப்போது வரும். கரிபியன் மக்கள் அதைக் கலலூ என்பார்கள். உங்கள் குஜராத்தி அயலவர் வெந்தயக் கீரையை மேத்தி என்பார், சுரைக்காயைத் தூதி என்பார். பெயர்தான் வேறு, கீரை ஒன்றுதான். இப்படித்தான் கதை தொடங்கும்.

ஓகஸ்ட், செப்டெம்பர்: எல்லார் வீட்டிலும் காய் மிஞ்சும் காலம். சிலர் வாசலில் பெட்டியில் வைத்து, விரும்பினால் எடுங்கள் என்று எழுதியிருப்பார்கள். அதை எடுப்பதில் வெட்கமில்லை. அடுத்த முறை உங்களிடம் நாலு மிளகாய் இருந்தால் நீங்களும் வையுங்கோ. பற்றைகளில் பிளாக்பெரி பழுக்கும். சாப்பிடுகிற அளவுக்குப் பறிக்கலாம். ஆனால் செடியை வேரோடு பிடுங்கக்கூடாது, பார்க்கில் நட்டிருக்கும் பூக்களில் கைவைக்கவும் கூடாது.

ஒக்டோபர், நவம்பர்: உள்ளிப் பல்லை மண்ணில் ஊன்றுங்கள். குளிருக்குள் கிடந்து அடுத்த யூலையில் முழு உள்ளியாக வரும். கறிவேப்பிலைச் சாடியை வீட்டுக்குள் எடுங்கள். மாரியில் இலை கொட்டும். செத்துப்போச்சு என்று எறியாதேங்கோ. தண்ணீரைக் குறைத்து, பொறுத்திருந்தால் வசந்தத்தில் துளிர்க்கும்.

எப்படிக் கேட்பது?

ஆங்கிலம் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். இரண்டு வசனம் போதும். முதலாவது, "யுவர் கார்டின் இஸ் லவ்லி." இரண்டாவது, ஒரு வாரம் கழித்து, "கான் ஐ ஹாவ் எ கற்றிங், பிளீஸ்?" கற்றிங் என்றால் நடுவதற்கான தண்டு. கேளாமல் ஒரு இலையும் முறிக்கக்கூடாது. வாங்கினால் பிறகு ஒரு நாள் அது எப்படி வளர்ந்தது என்று போய்ச் சொல்லுங்கோ. அதுதான் இங்கே நன்றி.

சட்டத்தில் எது சரி, எது பிழை?

இந்தப் பகுதியைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள்.

1. தொண்டுச் சேவை செய்யலாம். புகலிடக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்கள், பதிவு செய்த தொண்டு நிறுவனத்திலோ அரசாங்க, கவுன்சில் அமைப்பிலோ எந்தக் கட்டத்திலும் தொண்டராகச் சேவை செய்யலாம். பஸ் காசு, சாப்பாடு போன்ற உண்மையான செலவைத் திருப்பித் தரலாம். அதற்கு மேல் காசு வாங்கக்கூடாது.

2. சம்பளமில்லாத வேலை வேறு, தொண்டுச் சேவை வேறு. "காசு தரேல்லைதானே, வந்து என்ர கடையில் நில்" என்று ஒரு வியாபாரி சொன்னால் அது தொண்டுச் சேவை அல்ல. அனுமதி இல்லாதவர் செய்யக்கூடாது.

3. மற்றவரின் தோட்டத்தைக் காசுக்குக் கொத்திக் கொடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ஒருவருடைய வளவில் ஒரு கிழமை முழுக்க வேலை செய்தார். கடைசி நாள் அந்த ஆள் காசு தரவில்லை. "போய் ஆரிட்டையும் சொல்லு பாப்பம்" என்றாராம். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேலை செய்ய அனுமதி இல்லாதவர் வேலை செய்வது குற்றம். அது தெரிந்துதான் அந்த ஆள் அப்படிக் கேட்டது. இப்படி ஏதும் நடந்திருந்தால் மறைக்காமல் உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

4. விளைந்ததைக் கொடுக்கலாம், விற்காதீர்கள். அயலவருக்கு இரண்டு பூசணிக்காய் கொடுப்பது அன்பு. காசு வாங்கினால் அது வியாபாரம்.

5. தங்குமிடத்தில் நிலத்தைக் கொத்த முன்னர் வீட்டு முகாமையாளரிடம் அனுமதி கேளுங்கள். ஹோட்டல் அறையில் இருப்பவர்களும் யன்னலோரத்தில் ஒரு சாடி வைக்கலாமா என்று கேட்டுவிட்டு வையுங்கள்.

6. ஊரிலிருந்து விதை, கன்று அனுப்பச் சொல்லாதீர்கள். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் வந்தால் பறிமுதல் செய்வார்கள். கறிவேப்பிலைக்கு இன்னும் கடுமை. எலுமிச்சை, தோடை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரலாம் என்பதே காரணம்.

அலொட்மென்ற் என்ற கவுன்சில் தோட்டத் துண்டுகளும் உண்டு. 1908 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருபவை. வருட வாடகை இருக்கும், காத்திருப்போர் பட்டியல் நீளம். இப்போதைக்கு மதில் தோட்டம் போன்ற பொதுத் தோட்டங்களே உங்களுக்குச் சுலபம். போகும்போது உங்கள் ஏ.ஆர்.சி. அட்டையைக் கொண்டு போங்கள். ஹோம் ஒஃபிஸில் கையெழுத்து வைக்கும் நாளையோ நேர்முகத்தையோ தோட்டத்துக்காக ஒருபோதும் தவறவிடாதீர்கள்.

இடம் மாற்றினால்?

இதைத்தான் எல்லாரும் கேட்பீர்கள். எனக்கும் அது நடந்தது. தக்காளி காய்த்து, இன்னும் சிவக்கவில்லை. அந்த நேரம் வேறு நகரத்துக்குப் போகச் சொல்லிக் கடிதம் வந்தது. இரண்டு பை மட்டும்தான் கொண்டு போகலாம். மனம் விட்டுப்போச்சு. கன்றைத் தந்த அந்த அம்மாவிடமே சாடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், ஒரு சின்னக் கடித உறையைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே அவருடைய தோட்டத்துப் போஞ்சி விதைகள். புது இடத்தில் எனக்கு ஒருவரையும் தெரியாது. அந்த விதையை முளைக்க வைத்து, ஒரு கன்றைக் கொண்டுபோய்த்தான் அங்கத்தைய அயலவரின் கதவைத் தட்டினேன்.

ஆகவே எதை வளர்த்தாலும் கொஞ்சம் விதை எடுத்துக் காயவைத்துக் கடதாசி உறையில் வையுங்கோ. பெயரையும் மாதத்தையும் எழுதுங்கோ. பாரமில்லை, எங்கேயும் வரும்.

தோட்டம் உங்கள் கேசை வெல்லாது. அதை உங்கள் சட்டத்தரணிதான் பார்க்க வேண்டும். மனம் மிகவும் பாரமாக இருந்தால், நித்திரை வராவிட்டால், உங்கள் ஜீ.பீ.யிடம் போங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் காத்திருக்கும் காலமும் உங்கள் வாழ்க்கைதான். அது கணக்கில் வராத காலம் என்று நினைத்துவிடாதேங்கோ.

வாசலில் இருக்கிற மேசையில் மிளகாய், தக்காளி நாற்று கொஞ்சம் வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். மே நடுப்பகுதி வரைக்கும் வெளியே வைக்க வேண்டாம்.