எழுத்துக்குத் திண்மை

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் குழந்தைகளின் கண்ணில் நாள்தோறும் படும் தமிழெழுத்துக்கள் மிகச் சில. மும்பையிலும் தில்லியிலும் தெருப்பலகைகள் பெரும்பாலும் நாகரியிலும் ஆங்கிலத்திலும் அமைந்தவை. ஆகவே, பொங்கல் வாழ்த்துக்கும் வாயிற்பெயருக்கும் நாம் வரையும் எழுத்தே அவர்களுக்குப் பாடமாகவும் ஆகிவிடுகிறது. அவ்வெழுத்தை, மரத்தில் செதுக்கி நிறுத்தியது போல், டேப்லெட்டில் திண்மை தோன்ற வரைவது எங்ஙனம் என்று இன்று சிறிது பேசுவோம்.

விலையுயர்ந்த பேனா வேண்டியதில்லை, விரலே போதும். ஐபிஸ் பெயின்ட், ப்ரோகிரியேட் போன்ற ஏதேனும் ஒரு செயலியில், லேயர் என்னும் அடுக்குகள் இருந்தால் போதும். கண்ணாடித்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது போன்றதே அது.

முதலில் ‘ட’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். வளைவே இல்லாததாதலின் தொடக்கத்துக்கு இதனினும் ஏற்றது இல்லை. அதனைப் பட்டையாக, வெளிக்கோடு மட்டும் வரைந்தால் ஆறு மூலைகள் கிடைக்கும். அவ்வடுக்கைப் படியெடுத்து, படியை மூல எழுத்துக்கு அடியில் வைத்து, வலப்புறமாகவும் கீழாகவும் ஒரே அளவு நகர்த்துவோம். இனி, மூலைக்கு மூலை கோடிட்டு இணைக்க வேண்டும். ஆறையும் இணைக்கக் கை துடிக்கும், வேண்டா. மேல் இடமூலையிலிருந்தும் உள்மூலையிலிருந்தும் புறப்படும் கோடுகள் எழுத்தின் முகத்துக்குள்ளேயே ஓடுவன. அவை கண்ணுக்குத் தெரியலாகாது. எஞ்சிய நான்கே போதும். முகத்தை வண்ணத்தால் நிரப்பி, பக்கங்களின் நடுவே குறுக்கிடும் படியின் கோட்டுத் துண்டுகளை அழித்துவிட்டால், எழுத்து எழுந்து நிற்கும்.

ஒளி இடப்புற மேலிருந்து விழுவதாகக் கொள்வோம். வலப்பக்கங்களுக்கு முகத்தைவிடச் சற்று இருண்ட நிறமும், அடிப்பக்கங்களுக்கு அதனினும் இருண்ட நிறமும் தருவோம். ஒரு சொல்லில் எத்தனை எழுத்து இருப்பினும் இம்முறை மாறலாகாது. ‘கொ’ போன்று மூன்று துண்டாக நிற்கும் எழுத்தில் மூன்றும் ஒரே பக்கம் சாய வேண்டும்.

வளைவுகளுக்கு மூலை இல்லையே, எங்கே இணைப்பது? சாய்கோடு வளைவை உரசிச் செல்லும் இடத்தில்தான். மெய்யெழுத்தின் புள்ளியை வட்டமாக வரைந்தால், அவ்விடங்கள் வட்டத்தின் வல மேற்புறமும் இடக் கீழ்ப்புறமும் ஆகும்.

இனி, நாம் மிகவும் கருத்தூன்ற வேண்டிய இடம் சுழி. படியை அதிகமாக நகர்த்தினால், சுழியின் உள்வெளியைப் பக்கச்சுவரே அடைத்துவிடும். மூன்று சுழி ‘ண’வில் ஒன்று அடைபட்டால், இரண்டு சுழி ‘ன’ என்றே பிள்ளை படிக்கும். ‘மணம்’ ‘மனம்’ ஆகிவிடும். ஊரிலுள்ள பிள்ளைக்கு அடுத்த தெருப்பலகை அதைத் திருத்தும். நம் பிள்ளைக்கு அப்பலகை இல்லை. எனவே, நகர்த்தும் அளவு மிகச் சிறிய சுழியின் உள்வெளியில் பாதியைக் கடவாதிருக்கட்டும். ஒரே தொடுதலில் திண்மை தரும் செயலிகளும் உண்டு. அவற்றைப் பயன்படுத்துவோர் இந்த ஒன்றை மட்டும் கண்ணால் சரிபார்த்துக்கொள்ளுதல் நலம்.

புள்ளியின் திண்மையும் கீழ்நோக்கி இறங்கும். எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டால் அது புள்ளியாகவே தோன்றாது. முன்கூட்டியே அதனைச் சற்று உயர்த்தி வரைந்துகொள்வோம்.