"என்ன பெயரிட விரும்புகிறீர்கள்?"

(டிசம்பர் 8, தூய கன்னி மரியாவின் அமல உற்பவப் பெருவிழாவன்று வானொலியில் வழங்கிய மறையுரை)



திருமுழுக்குச் சடங்கின் தொடக்கத்தில் திருச்சபை பெற்றோரிடம் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் குழந்தைக்கு என்ன பெயரிட விரும்புகிறீர்கள்?" என்பதே. தண்ணீரும் எண்ணெயும் அதற்குப் பிறகுதான்.

அண்மையில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் தாய் ஒருவர், திருமுழுக்குக்கு நாள் குறிக்கக் கைக்குழந்தையோடு நம்மிடம் வந்தார். அவர் பெயர் அமலோற்பவம். "எம் பேரு யார் வாயிலயும் நுழைய மாட்டேங்குதுங்க சாமி. கம்பெனியில அமலாங்கறாங்க, அம்லுங்கறாங்க. ஆதார்ல ஒரு மாதிரி, பி.எஃப்.ல வேற மாதிரி எழுதி வச்சு, அந்தப் பணத்தை எடுக்க நாலு மாசம் அலைஞ்சேனுங்க. எம் பொண்ணுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். யாருக்கும் இல்லாத பேரா, ரெண்டெழுத்துல ஒண்ணு செல்போன்ல தேடிட்டு இருக்கேன்" என்றார்.

யாருக்கும் இல்லாத பெயரைத் தேடுகிறவரின் பெயரே இன்று தொட்டிலில் கேட்பதற்கு அரிதாகிவிட்ட பெயர்! "உங்கள் பெயருக்குப் பொருள் தெரியுமா?" என்று கேட்டோம். தெரியாது என்றார். அது அவர் குற்றமல்ல. சொல்லித் தராத நம் குற்றம். பூசைக் கருத்து வாசிக்கும்போது நாமும் அவரை "அமலா" என்றே வாசித்திருக்கிறோம்.

அன்புக்குரியவர்களே, அமலம் என்றால் மாசற்றது. உற்பவம் என்றால் கருவாய்த் தோன்றுதல். இரண்டும் சேர்ந்து அமலோற்பவம். "கற்பகம்" என்று சொல்லத் தெரிந்த நாவுக்கு இதுவும் வரும். அதே "ற்ப" தான். கருவான கணத்திலிருந்தே அன்னை மரியாவைப் பாவ மாசு தொடவில்லை என்பதை 1854 டிசம்பர் 8 அன்று திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1858 மார்ச் 25 அன்று, லூர்து நகரில் பெர்நதெத் என்னும் ஏழைச் சிறுமி, தனக்குக் காட்சி தந்த அன்னையிடம் பெயரைக் கேட்டாள். "நானே அமல உற்பவம்" என்ற பதில், அச்சிறுமியின் ஊர்ப்பேச்சிலேயே வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்கு அந்தச் சொல்லின் பொருள் விளங்கவில்லை. மறந்துவிடக்கூடாதே என்று, பங்குத்தந்தையின் வீடு வரை அதையே சொல்லிக்கொண்டு போனாள். வாயில் நுழையவில்லை என்று அவள் அதைச் சுருக்கவில்லை. அன்பு அவளுக்கு உச்சரிப்பைக் கற்றுக்கொடுத்தது.

நம் முன்னோரும் அப்படித்தான். செஞ்சிப் பக்கம் கல்லேரியில் பிறந்த அண்ணன் தம்பி இருவரில், ஒருவர் கர்தினால் லூர்துசாமி; மற்றவர், 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தை நிறுவிய அருட்தந்தை அமலோற்பவதாஸ். ஊரின் பெயர் ஒருவருக்கு. அந்த ஊரில் அன்னை சொன்ன பெயர் மற்றவருக்கு.

அப்படியானால் குழந்தைக்குச் சிறிய பெயர் வைப்பது தவறா? இல்லை. கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயராக இருக்கக்கூடாது என்றுதான் திருச்சபைச் சட்டம் கேட்கிறது. அந்தத் தாயிடமும் இதைத்தான் சொன்னோம்: "நீங்கள் விரும்பும் பெயரை வையுங்கள். பொருள் தெரிந்து வையுங்கள். பிள்ளை பேசத் தொடங்கும்போது அந்தப் பொருளைச் சொல்லிக்கொடுங்கள்."

நமக்கும் ஒரு கடமை உண்டு. இன்றைய நற்செய்தியில் வானதூதர் மரியாவைப் பெயர் சொல்லி அழைத்தே அச்சத்தைப் போக்குகிறார். நம் கம்பெனிகளிலோ பலர் வெறும் டோக்கன் நம்பர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் பக்கத்து மெஷினில் தைக்கும் பிள்ளைகளுக்கு "இந்திக்காரன்" என்று ஒரே பெயர். அவர்களுக்கும் ஒரு தாய் பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறாள். நாளை வேலைக்குப் போனதும் அவர்களில் ஒருவரிடம் பெயரைக் கேளுங்கள். சரியாக வரும்வரை திருப்பிச் சொல்லிப் பாருங்கள்.

கடந்த ஞாயிறு பூசைக் கருத்தில் நாம் "அமலோற்பவம்" என்று முழுதாக வாசித்தோம். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு தலை நிமிர்ந்தது.

மாசற்ற அன்னையே, எங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் உம் திருமகனின் குரலை நாங்கள் கேட்கவும், பிறரை அவ்வாறே அழைக்கவும் எங்களுக்காக மன்றாடும். ஆமென்.