பிற துறைப் பாடமும் வேண்டும்



வேதியியல் பயில்வோர்க்கு வரலாறு எதற்கு என்று திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பெற்றோர் வினவுகின்றனர். வேலையை எதிர்நோக்கும் வீட்டில் அது நியாயமான வினாவே. ஆயினும் அண்ணல் அம்பேத்கரை நோக்குங்கள். 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவருக்கு முதன்மைப் பாடம் பொருளாதாரம். அதனோடு வரலாறு, சமூகவியல், மெய்யியல், மானிடவியல் ஆகியவற்றையும் பயின்றார். சாதியின் தோற்றத்தை ஆராய்ந்து 1916 மே மாதம் அவர் படித்த கட்டுரை, பொருளாதார வகுப்பில் எழுந்ததன்று. கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் எழுந்தது.

நம் கல்லூரிகளிலும் பகுதி நான்கில் பிற துறை விருப்பப் பாடம் உண்டு. மதிப்பெண்ணுக்கென்றே அதனைப் பலர் எழுதிக் கழிக்கின்றனர். எனினும் அது கட்டாயமாகவே இருத்தல் வேண்டும்; அவரவர் விருப்பத்திற்கு விட்டால், வீட்டில் நூல் இல்லாத பிள்ளைக்கே இழப்பு. மணலி ஆலைக்குச் செல்லும் நம் வேதியியல் பட்டதாரி ஒரு பருவமேனும் தொழிலாளர் சட்டம் கற்றிருந்தால், ஒப்பந்தத் தாளைப் படித்துணர்ந்த பின்னரே கையொப்பமிடுவார்.