மொட்டை மாடிச் சாவி

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் வைப்புத்தொகை வட்டி, நாமினி என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அது அடுத்த கூட்டத்தில். இன்று நம் குடியிருப்பில் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேச நேரம் கேட்டிருக்கிறேன்.

ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்ற வழக்கு இங்கே வேண்டாம். அது அந்தப் பெற்றோர் யோசித்து எடுத்த முடிவு. 14 வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வழி இருக்கிறது. என் கவலை வேறு. பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு, அப்பாவுக்குப் பிடிக்காத ஒன்றில் ஆசை வந்தால், அங்கே ஒரு டிராயிங் மாஸ்டரோ சயின்ஸ் டீச்சரோ கைகொடுப்பார். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு அப்பா அம்மாதான் பள்ளி, அவர்களேதான் நூலகம். அவர்களுக்கு ருசிக்காதது அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமலே போய்விடலாம்.

நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1910-ல் லாகூரில் பிறந்தவர். 12 வயதுவரை வீட்டில்தான் படித்தார். அப்பா ஆங்கிலமும் கணக்கும், அம்மா தமிழும் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகுதான் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி. அப்பா ரயில்வே கணக்குத் துறையில் பெரிய அதிகாரி, மகன் ஐ.சி.எஸ். ஆக வேண்டும் என்பது அவர் எண்ணம். கணிதம் படிக்க ஆசைப்பட்ட மகனை இயற்பியல் எடுக்கச் சொன்னார். மகன் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் சேர்ந்துகொண்டு, கணித வகுப்புகளிலும் போய் உட்கார்ந்தார்!

அம்மா சீதாலட்சுமி இயற்பியல் படித்தவர் இல்லை. அவருடைய நாட்டம் இலக்கியத்தில். இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். மகன் போடும் கணக்கு அவருக்குப் புரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் உனக்குப் பிடித்ததைச் செய் என்று மகன் பக்கம் நின்றார். 1930-ல் கேம்பிரிட்ஜ் போக வாய்ப்பு வந்தபோது அந்த அம்மாள் கடும் நோயில் இருந்தார். மகன் தயங்கினார். போகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக அனுப்பியவர் அவர்தான். அடுத்த ஆண்டே இறந்துபோனார்; மகனைத் திரும்பப் பார்க்கவில்லை. 19 வயதில் அந்தக் கப்பல் பயணத்தில் போட்ட கணக்குகளில் தொடங்கியதுதான் இன்று 'சந்திரசேகர் வரம்பு' என்று உலகம் சொல்வது. நோபல் 1983-ல் வந்தது.

எல்லாப் பிள்ளையும் நோபல் வாங்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அம்மாள் செய்ததைக் கவனியுங்கள். தனக்குத் தெரியாத ஒன்றுக்கு வழி மறிக்காமல் இருந்தார். வேண்டிய நேரத்தில் வழி விட்டார்.

பெற்றோர் மட்டுமே செய்ய வேண்டும் என்றும் இல்லை. நம் திருத்தணியோடு பிறப்பால் தொடர்புடைய டாக்டர் ராதாகிருஷ்ணன் தத்துவம் படிக்கப்போனதற்குக் காரணம், படித்து முடித்த உறவுக்காரர் ஒருவர் தன் பழைய பாடப்புத்தகங்களை இலவசமாகக் கொடுத்ததுதான்.

இப்போது நம் விஷயம். நம் குடியிருப்பில் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி வீட்டில் படிக்கிறாள். அவளுக்கு நட்சத்திரம் பார்ப்பதில் பித்து. பெற்றோருக்கு ஜவுளி வியாபாரம்; அவர்கள் வானத்தைப் பார்ப்பது மழை வருமா என்று தெரிந்துகொள்ளத்தான். அதில் தப்பே இல்லை. பிடித்த மாதிரி நடிக்கவும் வேண்டாம், பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். "நேற்று என்னம்மா பார்த்தே?" என்று கேட்டு, பதிலைப் பாதியில் வெட்டாமல் கேட்டால் போதும். "இதை வச்சு என்ன சம்பாதிப்பே?" என்பது கடன் கேட்டு வருபவரிடம் கேட்கிற கேள்வி, பதினோரு வயதுப் பிள்ளையிடம் இல்லை. ஆசை தெரிந்த மறுநாளே ஆயிரக்கணக்கில் தொலைநோக்கி வாங்கிக் கொடுப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. காசு போட்டுவிட்டால் கணக்குக் கேட்கத் தோன்றும். பிள்ளைக்கு அது இன்னொரு வீட்டுப்பாடமாகிவிடும். சாதாரண பைனாகுலரிலேயே, கை ஆடாமல் பிடித்தால், வியாழனின் நிலாக்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். யார் வீட்டுப் பரணிலாவது ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால் இரவல் கொடுங்கள்.

அவளுக்குத் தடை வீட்டில் இல்லை, நம்மிடம்தான். இரவு எட்டு மணிக்கு மொட்டை மாடியைப் பூட்ட வேண்டும் என்பது நம் சங்கத் தீர்மானம். தண்ணீர்த் தொட்டிப் பாதுகாப்புக்காகப் போட்டோம், நியாயம்தான். ஆனால் எட்டு மணிக்கு மேல்தானே நட்சத்திரம் நன்றாகத் தெரிகிறது! ஆடிக் கிருத்திகைக்கு ஊரே விளக்கு வெளிச்சத்தில் மிதக்கும்போது ஒன்றும் தெரியாது. மற்ற நாட்களில் நம் மாடியிலிருந்து வானம் சுமாராகவே தெரிகிறது.

என் கோரிக்கை இதுதான். செவ்வாய், சனி இரண்டு நாளும் இரவு ஒன்பதரை வரை மாடிக் கதவு திறக்கட்டும். வாட்ச்மேனிடம் நோட்டில் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்க வேண்டும். பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். தொட்டிப் பக்கம் யாரும் போகக் கூடாது. முதல் மூன்று மாதம் அந்தப் பெரியவராக நான் இருக்கிறேன். முட்டி வலி இருந்தாலும் லிஃப்ட் இருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் தீர்மானம் எழுதுவதற்கு முன் இப்போதே சொல்லிவிடுங்கள்.