ஏட்டில் உள்ள குளோரினும் குழாயில் உள்ள குளோரினும்

(பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



குடிநீர்த் திட்டம் என்றதும் ஆழ்குழாய்க் கிணறு, மோட்டார், மேல்நிலைத் தொட்டி இவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை அமைந்துவிட்டால் வேலை முடிந்ததெனத் திருப்தி அடைகிறோம். தொட்டி நீரில் குளோரின் சரியாகக் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது எவர் பொறுப்பு? அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்றொரு சிற்றூர் உண்டு. பண்ணைகள் சூழ்ந்த அவ்வூரில் அந்நாளில் சுமார் 4,800 பேர் வாழ்ந்தனர். 2000-ஆம் ஆண்டு மே மாதம் பெய்த பெருமழையில், அருகிலிருந்த பண்ணையின் மாட்டெருவிலிருந்த கிருமிகள் ஆழம் குறைந்த குடிநீர்க் கிணறு ஒன்றில் இறங்கிவிட்டன. 7 பேர் மாண்டனர்; சுமார் 2,300 பேர் நோயுற்றனர். எரு இட்ட விவசாயி மீது குற்றமில்லை என்று விசாரணைக் கமிஷன் கூறியது. குற்றம் வேறிடத்தில் இருந்தது. நீரில் எஞ்சியுள்ள குளோரினைத் தினமும் அளக்க வேண்டிய ஊழியர்கள் பல நாட்களில் அளக்காமலே 0.5 என்றும் 0.75 என்றும் ஏட்டில் எழுதி வந்தனர். நீர் கெட்டிருப்பதாக ஆய்வுக்கூடம் அனுப்பிய அறிக்கையும் குடிநீர் நிர்வாகத்தாரிடமே தங்கிவிட்டது. சுகாதார அதிகாரிகள் கேட்டபோது, நீர் நன்றாக இருக்கிறது என்றே பதில் வந்தது.

கனடாக்காரர்களை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. ஒரு கிராமத்திற்கு நாம் 26-ஆம் தேதி சென்றிருந்தோம். அங்கிருந்த குளோரின் பதிவேடு 30-ஆம் தேதி வரை பூர்த்தியாகி இருந்தது! தொட்டி இயக்குபவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. ஏட்டில் கையொப்பமிட்டவர்களும் தேதியைப் பார்க்கவில்லை.

குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தர நிர்ணயம். தொட்டியடியில் அளந்தால் போதாது. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் அளக்க வேண்டும். மருந்து கலந்து அரைமணி நேரம் கழித்தே நீரைத் திறந்துவிட வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்று கொண்டால், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் பிளீச்சிங் பவுடர் தேவை. மோட்டார் அறையில் வாய் திறந்து கிடக்கும் மூட்டையிலிருந்து இதே 120 கிராமை எடுத்தால் என்ன ஆகும்? ஈரமும் வெளிச்சமும் பட்டு வீரியம் போன தூள் அது. ஏட்டில் எழுதிய அளவு உண்மைதான். நீரில் மட்டும் ஒன்றும் இராது. தூளை அப்படியே கொட்டுவதும் தவறு. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும்.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், நீரைச் சோதிக்கக் கிராமத்திற்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சியளிக்க வேண்டுமென வகுத்துள்ளனர். சோதனைப் பெட்டி அலமாரியில் பூட்டிக் கிடந்தால் பயிற்சி எதற்கு? அப்பெண்களில் ஒருவர் சோதிக்கட்டும். அங்கத்தினர் ஒருவர் உடனிருந்து நிறத்தைப் பார்க்கட்டும். முடிவைக் கிராம சபையில் உரக்கப் படிக்கட்டும். ஏட்டை எழுதுபவரே அதைச் சரிபார்ப்பவராகவும் இருத்தல் கூடாது.

அடுத்த கூட்டத்திற்கு வரும்போது, ஒவ்வொரு பஞ்சாயத்தும் கடைசிக் குழாயின் நான்கு வார அளவுகளைக் கொண்டுவரக் கோருகிறோம். பூஜ்யம் வந்தால் பூஜ்யம் என்றே எழுதுங்கள். அதற்காக எவரையும் கடிந்துகொள்ள மாட்டோம். அந்த ஊருக்குத்தான் சோதனைப் பெட்டியுடன் முதலில் வருவோம்.