தெருவின் அகலமும் நீரின் வழியும்

 

அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. வாங்கிய மனையை விற்க வழியின்றிப் பலர் தவித்தனர். 2017 மே மாதம் தமிழ்நாடு அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20-க்கு முன் மனை விற்கப்பட்ட பிரிவுகளில் தெருக்கள் உள்ளது உள்ளபடியே ஏற்கப்படும் என்பது அவ்விதிகள் அளித்த சலுகை. ஆனால் ஏரி, ஓடை, வாய்க்கால் நிலத்திலுள்ள மனைக்கு அச்சலுகை இல்லை.

இவ்வேறுபாடு நியாயமானதே. குறுகிய தெருவின் சிரமம் பெரும்பாலும் அத்தெருவாசிகளைச் சாரும். அடைபட்ட நீர்வழியோ அயலார் வீட்டில் வெள்ளத்தைப் புகுத்தும். சேர்வராயன் மலையில் பெய்யும் மழை திருமணிமுத்தாறாகச் சேலம் நகரைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. மேட்டிலுள்ளவர் அடைத்தால் பள்ளத்திலுள்ளவர் துன்புறுவார்.

பாதை குறித்துப் பிணக்கு எழுந்தால் ஏழு முழம் விடுமாறு நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அது ஏறத்தாழப் பத்தரை அடி. வழிநடப்போரின் உரிமை அத்துணை பெரிது!

ஆகவே, மனுச் செய்யும் சகோதரர்களே! தெரு அகலத்திற்குச் சலுகை கேளுங்கள். வாய்க்காலை மூடச் சலுகை கேளாதீர்கள். ஏற்கப்பட்ட குறுந்தெருவில் வாசற்படியை இறக்கி மேலும் குறுக்காதீர்கள். அயலாருக்குத் தீங்கிழைக்காத வாழ்வை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.